காரணம்: உடல்நலம்

ஜூலை 3, 2023

வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு பெட்டி, ஒரு வாளி, பதினோரு தடிப் புத்தகம். எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஒரு வருஷம் விடுப்பு கேட்ட ஒரே ஆள் எங்கள் பேட்சில் நான்தான்.

விண்ணப்பத்தில் 'காரணம்' என்று ஒரு கோடு விட்டிருந்தார்கள். 'உடல்நலம்' என்று எழுதினேன். ஆபீஸ் கிளார்க் கண்ணாடியை இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். குத்துக்கல் மாதிரி நிற்கிறாளே என்று நினைத்திருப்பார். ஆனாலும் சீல் குத்திக் கொடுத்துவிட்டார். அடுத்த ஜூலை ஒன்றாம் தேதிக்குள் திரும்பிப் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் சீட்டு கிடையாது.

ஆட்டோவை விட்டு இறங்குவதற்குள் அம்மா எதிர்வீட்டு அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மிருதுவுக்கு மஞ்சக்காமாலைங்க. ஒரு வருஷம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிப்போட்டாங்க." எனக்கு மஞ்சள்காமாலை என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பேச்சையும் அளந்துதான் வெட்டுவார். சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"திரும்பிப் போவியா கண்ணு?"

"போவேனுங்கப்பா."

போவேன். அதில் சந்தேகமில்லை. ஜூன் 8ஆம் தேதியைப் பற்றி மட்டும் இந்த நோட்டில் எழுதுவதாக இல்லை. பழைய நோட்டு பாதி காலியாக இருந்தும் புதிது வாங்கியது அதற்குத்தான்.

ஜூலை 11

எதிர்வீட்டு அத்தை காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி எடுத்து வந்தார். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் நகரவில்லை. நாளைக்கும் கொண்டுவருவாராம். ஒரு மண்டலம் குடிக்க வேண்டுமாம். அம்மா பின்னால் நின்று கண்ணாலேயே மிரட்டினார். பொய் சொன்னது அவர், கசப்பு எனக்கு.

போகும்போது அத்தை, "அப்படியே எனக்குப் பிரசர் பாத்துச் சொல்லு அம்மிணி, தலை கிர்ருனு இருக்குது" என்றார். மெஷின் ரிப்பேர் என்றேன். ரிப்பேர் இல்லை.

ஜூலை 29

காலை நாலரைக்கு எழுந்தேன். மெடிசின் இருபது பக்கம், சர்ஜரி பதினைந்து பக்கம். துணி துவைத்தேன். இட்லிக்கு ஆட்டினேன். மகப்பேறு புத்தகத்தைப் பெட்டியிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. முதலில் மற்றதெல்லாம் முடியட்டும்.

ஆகஸ்ட் 16

வீட்டில் இருந்தால் மூளை துருப்பிடித்துவிடும். அப்பாவின் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு ஆள் வேண்டும் என்றார்கள், போகிறேன் என்றேன். அம்மா ஆடிப்போய்விட்டார்.

"டாக்டருக்குப் படிக்கற புள்ள பனியன் கம்பெனிக்குப் போறதா? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"மஞ்சக்காமாலை சரியாப் போச்சுன்னு பேசுவாங்கம்மா."

அப்பா சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். நாளைக்கு எட்டரைக்கு ஷிப்ட்.

ஆகஸ்ட் 24

செக்கிங் மேசை சுலபம் என்று நினைத்தேன். நின்றுகொண்டே வேலை. தைத்து வரும் டி-சர்ட்டை விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்க்க வேண்டும். ஒரே கட்டாக வரும் ஒவ்வொரு லாட்டிலும் பத்து பீஸ் எடுத்து, நெஞ்சளவு, நீளம், கை என்று டேப் வைத்து அளந்து ஷீட்டில் எழுத வேண்டும். மேசையில் என் ஜோடி வளர்மதி அக்கா. முப்பது வயதிருக்கும். கை அது பாட்டுக்கு ஓடும், வாய் அதைவிட வேகமாக ஓடும். மாமியாரைப் பற்றி ஒரு லாட், கொழுந்தனாரைப் பற்றி ஒரு லாட்.

"டாக்டரம்மா, கால் வலிக்குதா?" என்றார் சாயங்காலம். ஆமாம் என்றேன். "பழகிரும். இல்லாட்டி நீங்களே மருந்து எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

செப்டம்பர் 20

ஹரிப்ரியா அக்கா போன் செய்தார். மகப்பேறு வார்டில் எனக்கு மேலே இருந்த ஹவுஸ் சர்ஜன் அவர். ஹவுஸ் சர்ஜன் வேலை முடிந்து இப்போது மேற்படிப்புக்குப் படிக்கிறார். நன்றாகப் பேசினார். "நல்லா ரெஸ்ட் எடு மிருது. முடிஞ்சதையே நினைச்சிட்டு இருக்காத. அமலா சிஸ்டரையும் மாத்திட்டாங்க, மலை மேல ஏதோ தாலுகா ஆஸ்பத்திரிக்கு. பிரச்சனை அதோட க்ளோஸ்."

எந்தப் பிரச்சனை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு பீரோவில் இருந்த புடவைகளை எல்லாம் வெளியே எடுத்து மறுபடி மடித்து வைத்தேன்.

அக்டோபர் 23

ஆயுத பூஜை. மெஷின்களுக்கெல்லாம் பொட்டு. எங்கள் டேப்புக்கும் சந்தனம் வைத்தார் வளர்மதி அக்கா. வீட்டில் அம்மா என் ஸ்டெதஸ்கோப்பைத் தேடி எடுத்து சாமி முன்னால் வைத்திருந்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

நவம்பர் 17

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் திடீரென்று சோதனைக்கு வந்துவிட்டார். கட்டி வைத்த பெட்டிகளில் கைக்கு வந்ததைத் திறந்து அளந்தார். குழந்தைகள் டி-சர்ட், நெஞ்சளவு முக்கால் இஞ்ச் குறைகிறது. ஒன்றில் இல்லை, அந்த லாட் முழுக்க. சூப்பர்வைசர் எங்கள் ஷீட்டை எடுத்துப் பார்த்தார். பத்து பீஸும் சரி என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் செக்கிங்குக்குப் பிறகுதான் கெட்டிருக்கிறது என்று நேராக அயர்ன் மாஸ்டரிடம் போனார். நீராவியை அதிகம் விட்டுத் துணியைச் சுருக்கிவிட்டாயா, கண்ணு தெரியலையா, நாளையிலிருந்து வராதே என்று கத்தினார். அந்த மனுஷனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அயர்ன் பாக்ஸைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

அந்த ஷீட்டை எழுதியது நானில்லை. ஆனாலும் அதில் என் கையெழுத்து இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

வளர்மதி அக்கா கையில் இருந்த பீஸை மேசையில் போட்டார். "சார், அவரை விடுங்க. நாந்தானுங்க அளக்காம எழுதினது. டீ டைம் வந்திருச்சுன்னு பழைய லாட்டைப் பாத்து எழுதிப்போட்டேன்."

அவ்வளவுதான். சூப்பர்வைசர் கத்தல் இந்தப் பக்கம் திரும்பியது. ஒரு வாரம் வேலைக்கு வரக்கூடாது என்றார். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அயர்ன் மாஸ்டர் திரும்பிப் போய்த் தேய்க்கத் தொடங்கிவிட்டார். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பை எடுக்க வந்த அக்காவிடம், "பயமா இல்லைங்களாக்கா?" என்று கேட்டேன்.

"பயம் இல்லாம இருக்குமா? அதுக்குன்னு அந்தாளு போறதைப் பாத்துட்டு நிக்க முடியுமா அம்மிணி?"

நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். ஐந்து மாதமாக வராத அழுகை.

நவம்பர் 19

எழுதுகிறேன்.

ஜூன் 8. மகப்பேறு வார்டு. சுகந்தி, வயது 23, முதல் பிரசவம், காலை 9.45க்குப் பெண் குழந்தை. பிரசவமான பெண்ணுக்கு முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒரு தடவை பிரஷர், நாடி, ரத்தப்போக்கு பார்த்து எழுத வேண்டும். சார்ட்டில் அதற்கு எட்டுக் கட்டம். அதைச் செய்ய வேண்டியவர் ஹரிப்ரியா அக்கா. அவர் என்னிடம் கொடுத்தார். எல்லோரும் அப்படித்தான் கொடுப்பார்கள்.

முதல் நாலு கட்டம் நிஜமாகவே பார்த்தேன். பதினொரு மணிக்கு வார்டின் சீஃப் டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். அவருக்குக் கட்டம் காலியாக இருந்தால் பிடிக்காது, ஃபைலைத் தூக்கி எறிவார். நிரம்பிய கட்டத்தை எப்படி நிரப்பினாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் எங்கள் வார்டில் ஒரு வழக்கம். ரவுண்ட்ஸுக்கு முன்னாலேயே மீதிக் கட்டங்களையும் எழுதிவிடுவது. எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும், இரண்டு கூட்டி இரண்டு குறைத்து எழுது என்று ஹரிப்ரியா அக்கா சொல்லிக் கொடுத்திருந்தார்.

10.50க்கு எழுதினேன். 11.00, 110/70. 11.15, 108/70. 11.30, 112/74. 11.45, 110/72. இன்னும் வராத நேரத்துக்கு நான் பிரஷர் எழுதினேன்.

பன்னிரண்டரை மணிக்கு அமலா சிஸ்டர்தான் கண்டுபிடித்தார். முப்பது படுக்கைக்கு அவர் ஒருவர். உள்ளுக்குள்ளேயே ரத்தம் தேங்கி சுகந்தி சில்லிட்டுப் போயிருந்தார். உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஒன்பது நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார்.

விசாரணையில் சார்ட்டைப் பார்த்தார்கள். 11.45 வரைக்கும் எல்லாம் நன்றாக இருக்கிறது. அப்படியானால் அதற்குப் பிறகு பார்க்க வேண்டிய சிஸ்டர்தான் கவனிக்கவில்லை என்று முடிவு செய்தார்கள். அவருக்கு மெமோ, இடமாற்றம். நானும் ஹரிப்ரியா அக்காவும் அதே அறையில் நின்றிருந்தோம். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் கோழை. வெட்கமாக இருக்கிறது. சும்மா திரும்பிப் போய் டாக்டராகிவிட என்னால் முடியாது. சொல்லிவிட்டுத்தான் போகப்போகிறேன்.

டிசம்பர் 3

அப்பா அம்மாவை உட்காரவைத்துச் சொன்னேன். அம்மா முதலில் புரியாததுபோல உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"வாயைத் தொறக்காத. நாலு வருசம் என்ன பாடு பட்டு உன்னையப் படிக்க வெச்சோம்னு தெரியுமா? யாரும் கேக்காததை நீயே போயிச் சொல்லி சீட்டைக் கெடுத்துக்குவியா?"

"கெட்டாலும் கெடட்டும்மா."

"ஊருக்கெல்லாம் மஞ்சக்காமாலைன்னு சொன்னேன். இதுக்கு என்னன்னு சொல்லட்டும்?"

"நடந்ததைச் சொல்லுங்க."

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கையாலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பாவமாக இருந்தது. ஆனால் என் முடிவு கொஞ்சமும் அசையவில்லை, அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அப்பா என் பக்கம் திரும்பி, "அந்தப் புள்ள இப்ப எப்படி இருக்குது?" என்றார்.

தெரியவில்லை என்றேன். விசாரிக்கவே இல்லையா என்று கேட்டார். இல்லை. ஆறு மாதமாக என்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஜனவரி 12, 2024

டீனுக்குக் கடிதம். ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் ஆறிலும் 'அந்தச் சூழ்நிலையில்' என்று வந்தது. ஏழாவதில் அதை எடுத்துவிட்டேன், இரண்டு பக்கம் அரைப் பக்கமாகிவிட்டது.

ஹரிப்ரியா அக்காவிடம் சொல்லாமல் அனுப்புவது முறையில்லை. போன் செய்தேன். முதலில் கெஞ்சினார், அப்புறம் திட்டினார்.

"எல்லா வார்டுலயும் நடக்கறதுதானடி! நீ மட்டும் உத்தமியா?"

"இல்லக்கா. என் கை எழுதினதை நான் சொல்றேன். நீங்க சொல்லிக் கொடுத்ததை நீங்களே சொல்லுங்க. உங்க பேரை நான் எழுதலை. கேட்டா மறைக்கவும் மாட்டேன்."

என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். நாலு வருஷப் பழக்கம். ஹாஸ்டலில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 18

பொங்கல் லீவு முடிந்து தபால் ஆபீஸ் திறந்ததும் ரிஜிஸ்டர் தபால் அனுப்பினேன். திரும்பும்போது கறிவேப்பிலை வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 9

பதில் இல்லை.

பிப்ரவரி 22

பதில் இல்லை. மகப்பேறு புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு, பதினெட்டுப் பக்கம். நாலு முறை படித்துவிட்டேன். எதிர்வீட்டு அத்தைக்குப் பிரஷர் பார்த்தேன், 160/100. கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

மார்ச் 14

விசாரணை. அப்பா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே டீன், சீஃப், இன்னும் மூன்று பேர். சுகந்தியின் கணவரையும் கூப்பிட்டிருந்தார்கள். மடியில் ஒன்பது மாதக் குழந்தை. சுகந்தி நலமாக இருப்பதாகவும், இந்தக் கட்டடத்துக்குள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவும் அவர் சொன்னார்.

சார்ட்டை என் முன்னால் வைத்தார்கள். என் கையெழுத்து அழகாக இருந்தது.

"அப்ப 11.15க்கு உண்மையான பிரஷர் என்ன?" என்றார் டீன்.

"தெரியாது சார். நான் பாக்கலை."

"11.30க்கு?"

"தெரியாது சார்."

"யாராவது எழுதச் சொன்னாங்களா?"

"வார்டுல எல்லாரும் எழுதுவோம் சார். கட்டம் காலியா இருந்தா சீஃப் சார் திட்டுவார். எப்படி எழுதணும்னு ஹரிப்ரியா அக்கா சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா எழுதினது நான்." சீஃப் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு, இந்த நோட்டில்கூட எழுதாத ஒன்றைச் சொன்னேன். ரவுண்ட்ஸ் கூட்டத்தோடு சுகந்தியின் படுக்கையைத் தாண்டும்போது அவர் என் கோட்டைப் பிடித்து, "கண்ணைக் கட்டுதுங்கக்கா" என்றார். "சாப்பிடாம இருக்கீங்கல்ல, அதான். டீ குடிங்க" என்று சொல்லிவிட்டு நடந்துபோனேன். அப்போது நின்று கையைப் பிடித்துப் பார்த்திருந்தால் போதும்.

குழந்தை மேசை மேல் இருந்த காகிதத்தை இழுத்தது. சுகந்தியின் கணவர் அதன் கையை விடுவித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"திடீர்னு ஆயிருச்சுன்னு சொன்னாங்களே. அப்ப திடீர்னு இல்லீங்களா?"

"இல்லீங்க" என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். பதில் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

வெளியே வந்தபோது அப்பா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மே 27

உத்தரவு வந்தது. கண்டனம் என் பதிவேட்டில் ஏறும். மகப்பேறு வார்டுப் பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும். தேர்வு இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போகும். ஆனால் சேரலாம். அமலா சிஸ்டரின் மெமோவை ரத்து செய்து பழைய இடத்துக்கே கூப்பிட்டிருக்கிறார்கள்.

அம்மா உத்தரவை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போய், "மஞ்சக்காமாலை எல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று தொடங்கி முழுவதையும் சொல்லிவிட்டு வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. வந்ததும் முகம் கழுவிக்கொண்டு சப்பாத்திக்கு மாவு பிசைந்தார்.

ஜூலை 1, 2024

சேர்ந்துவிட்டேன். போன வருஷ ஜூனியர்கள்தான் இப்போது என் வகுப்பு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு 'அக்கா' என்று கூப்பிடுகிறார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கேன்டீனில் நான் போனதும் ஒரு மேசையில் பேச்சு நின்றது. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஜூலை 4

மகப்பேறு வார்டு. அமலா சிஸ்டர் மேசையில் இருந்தார். கொஞ்சம் இளைத்திருக்கிறார். நேராகப் போய் நின்றேன்.

"சிஸ்டர், என்னை மன்னிச்சிருங்க."

அவர் ஊசி மருந்துகளை எண்ணி முடிக்கிற வரைக்கும் நிமிரவில்லை.

"எத்தனை மாசம் கழிச்சு லெட்டர் போட்ட?"

"ஏழு மாசம் சிஸ்டர்."

"ஏழு மாசம்." ஊசிப் பெட்டியை மூடினார். "என் பையனுக்குப் போன வருஷம் ப்ளஸ் டூ. பாதி வருஷத்துல ஸ்கூல் மாத்தி, மலைல கொண்டுபோய்ச் சேர்த்தேன். எங்க வீட்டுக்காரரே கேட்டாரு, நீ நிஜமாவே பாக்காம விட்டுட்டியான்னு. உனக்கு ஏழு மாசம் தேவைப்பட்டிருக்கு."

அவர் ஒரு புது சார்ட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"பதினாறாம் பெட். பிரசவமாகிப் பத்து நிமிஷம் ஆச்சு. கால் மணிக்கு ஒரு தடவை பாரு. நீ எழுதின பின்னாடி நானும் வந்து பாப்பேன்."

"சரிங்க சிஸ்டர்."

படுக்கை ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நடுவில் சீஃப் ரவுண்ட்ஸ் வந்தார், சார்ட்டைப் புரட்டினார், கட்டம் காலியாக இருக்கிறதே என்றார். அந்த நேரம் இன்னும் வரவில்லை சார் என்றேன். அவர் ஃபைலை எறியவில்லை, அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். இரண்டு மணி நேரம் ஸ்டூலை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு தடவை நான் எழுதியதும் சிஸ்டர் வந்து, அதே கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி, மறுபடி அளந்து, என் எண்ணோடு ஒத்துப் பார்த்துவிட்டுப் போனார். எட்டுத் தடவையும் வந்தார். வரட்டும்.